பென்குயினுக்கு வழிவிடுங்க! உத்திரமேரூர் டு அண்டார்டிகா... ஒரு விடுமுறைக் கணக்கு

கார்த்திகை, மார்கழி மாதங்களில் உத்திரமேரூரிலிருந்து மதுராந்தகம் பக்கம் போகிறவர்கள், வேடந்தாங்கலிலும் கரிக்கிலியிலும் வண்டியை நிறுத்தாமல் திரும்புவது அபூர்வம். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை எனக் கூட்டம் கூட்டமாகப் பறவைகள். நீரில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மிதந்துகொண்டிருக்கும். இந்த வாத்துகளில் பல, சைபீரியா வரை நீளும் வடக்கத்திக் குளிர்நிலங்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி இறுகும் காலத்தில் நம் ஏரிக்கு வருபவை.

அவை பாஸ்போர்ட் இல்லாமல் நம் ஊருக்கு வந்துவிடுகின்றன. நாம் அந்தப் பனி தேசங்களுக்குப் போக முடியுமா?

முடியும். முன்பெல்லாம் விஞ்ஞானிகளும் கடற்படையினரும் மட்டுமே போன துருவப் பகுதிகளுக்கு, இன்று விடுமுறைக்காகவே கப்பல்கள் போகின்றன. இவற்றுக்கு 'எக்ஸ்பெடிஷன் க்ரூஸ்' என்று பெயர். மொபைலைத் திறந்தால் பென்குயின் வீடியோக்களும் 'பத்தே நாளில் அண்டார்டிகா' விளம்பரங்களும் வந்து விழுகின்றன. பிள்ளைகள் செட்டிலாகிவிட்ட, ஓய்வுபெற்ற தம்பதிகள் 'வாழ்நாளில் ஒருமுறை' என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனால், இது ஊட்டி, கொடைக்கானல் மாதிரி நினைத்ததும் கிளம்பிவிடும் டூர் இல்லை. பணம், உடல்நிலை, சட்டம் என மூன்று கணக்குகளைப் போட வேண்டும். நான்காவதாக, அந்தப் பனிக்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்ற கணக்கும் இருக்கிறது. உத்திரமேரூரிலிருந்து ஒரு குடும்பம் கிளம்புவதாக வைத்துக்கொண்டு, அந்தப் பயணத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிடலாம்.

வடக்கா, தெற்கா?

முதலில் எந்தத் துருவம் என்று முடிவு செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. வடதுருவத்தில் இருப்பது, நிலங்கள் சூழ்ந்த ஆர்க்டிக் பெருங்கடல். அங்கே பனிக்கரடி உண்டு; பென்குயின் கிடையாது. தென்துருவத்தில் இருப்பது, கடல் சூழ்ந்த அண்டார்டிகா கண்டம். அங்கே பென்குயின் உண்டு; பனிக்கரடி கிடையாது.

ஆர்க்டிக் பயணங்களில் பிரபலமானது நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். லாங்இயர்பியன் என்ற சின்ன ஊரிலிருந்து கப்பல் கிளம்பும். சீசன், நம் ஊர்க் கோடையின் முடிவிலிருந்து செப்டம்பர் வரை. ஸ்வால்பார்டுக்குள் நுழையத் தனி விசா தேவையில்லை. ஆனால், நார்வே வழியாகத்தான் போய்த் திரும்ப வேண்டும் என்பதால், இரண்டு முறையாவது நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா கையில் இருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போனால், திரும்பும்போது சிக்கல்தான்.

அண்டார்டிகாவின் சீசன் நவம்பர் முதல் மார்ச் வரை. நமக்கு மார்கழிக் குளிர் அடிக்கும்போது அங்கே கோடைக்காலம். இந்தப் பயணங்களில் பெரும்பாலானவை, அண்டார்டிகாவிலிருந்து தென் அமெரிக்காவை நோக்கி வால்போல நீண்டிருக்கும் தீபகற்பப் பகுதிக்கே போகின்றன. கோடையில் அங்கே வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே இருக்கும். 'மைனஸ் 50 டிகிரியில் உறைந்துவிடுவோமோ' என்ற பயம் வேண்டாம். காற்று வீசினால்தான் குளிர் எலும்பைத் தொடும்.

எந்த மாதத்தில் போனால் எதைப் பார்க்கலாம் என்பதும் முக்கியம். நவம்பரில் பனி புத்தம் புதிதாக இருக்கும். பென்குயின்கள் ஜோடி சேர்ந்து, கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து கூடு கட்டும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் குஞ்சுகள் வெளிவரும். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் திமிங்கிலம் பார்க்க ஏற்றவை.

செங்கல்பட்டு பஸ்ஸில் தொடங்கும் பயணம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கல்பட்டு, தாம்பரம் வழியாக மீனம்பாக்கம் விமான நிலையம். அங்கிருந்து வளைகுடா நாடு அல்லது ஐரோப்பா வழியாக, அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸ். அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் உள்நாட்டு விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம் பறந்தால் உஷூவாயா. உலகின் தென்கோடி நகரம் என்று அழைக்கப்படும் ஊர். வீட்டை விட்டுக் கிளம்பி மூன்று நாள்கள் ஆகியிருக்கும். கப்பல் இன்னும் கண்ணில் பட்டிருக்காது. சூட்கேஸ் வேறு விமானத்தில் சிக்கிக்கொண்டாலும் கப்பல் காத்திருக்காது. அதனால் ஒரு நாள் முன்னதாகவே உஷூவாயா போய்ச் சேருவது நல்லது.

கப்பல் மாலையில் கிளம்பும். மறுநாள் காலை கண் விழிக்கும்போது கட்டிலே ஆடினால், ட்ரேக் பாசேஜில் நுழைந்துவிட்டோம் என்று அர்த்தம். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தூரத்துக்கு விரிந்து கிடக்கும் கடல் இது. காற்றைத் தடுக்க வழியில் நிலமே இல்லாததால், உலகின் மூர்க்கமான கடல்களில் ஒன்றாகப் பெயரெடுத்திருக்கிறது. கடக்க ஏறத்தாழ இரண்டு நாள்கள். அதிர்ஷ்டம் இருந்தால் குளம்போல அமைதியாக இருக்கும். இல்லையென்றால், சாப்பாட்டு மேஜையில் தட்டு நிற்காது. வாந்தி, தலைசுற்றலுக்கான மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். எந்த மாத்திரை என்பதை, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம்.

இந்த ஆட்டமே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சிலி நாட்டின் புன்டா அரேனஸிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம் விமானத்தில் பறந்து, கிங் ஜார்ஜ் தீவில் இறங்கிக் கப்பல் ஏறலாம். இதற்குக் கட்டணம் அதிகம். வானிலை மோசமானால் விமானம் நாள் கணக்கில் தாமதமாகவும் வாய்ப்பிருக்கிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

பொதுவாக இந்தப் பயணங்கள் 10 முதல் 12 நாள்கள். அதில் நான்கு நாள்கள் ட்ரேக் கடலுக்கே போய்விடும். மீதி ஐந்தாறு நாள்கள்தான் அண்டார்டிகா. அங்கே துறைமுகமோ படகுத்துறையோ கிடையாது. கப்பல் கடலில் நிற்க, ஸோடியாக் என்ற ரப்பர் படகில் பத்துப் பேர் போல ஏறிக் கரைக்குப் போக வேண்டும். கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் பெரும்பாலும் இறக்கிவிடுவார்கள். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று மணி நேரம்.

காற்று மாறினால் இறங்குவது ரத்து. பனிக்கட்டி வழியை மறித்தால் திட்டமே மாறும். 'பணம் கட்டியிருக்கேன், அந்த இடத்தைக் காட்டுங்க' என்று கேட்க முடியாது. கேப்டனும் பயணக்குழுத் தலைவரும் சொல்வதே கடைசி வார்த்தை. எக்ஸ்பெடிஷன் என்ற பெயருக்குக் காரணமே இந்த நிச்சயமின்மைதான்.

டிசம்பரில் போனால் இரவு முழுவதும் வெளிச்சம் இருக்கும். தூங்குவதற்கு ஜன்னல் திரையை இழுத்து மூட வேண்டும். கரைக்குப் போகாத நேரங்களில் பறவைகள், பனிப்பாறைகள், வரலாறு பற்றி நிபுணர்கள் வகுப்பெடுப்பார்கள். மேகங்களைக் குறிப்பெடுப்பது, திமிங்கிலத்தின் வாலைப் படமெடுத்து ஆய்வாளர்களுக்கு அனுப்புவது போன்ற வேலைகளில் பயணிகளும் சேர்ந்துகொள்ளலாம். பிரிட்டனின் பழைய ஆய்வு முகாமான போர்ட் லாக்ராயில் ஒரு தபால் நிலையம்கூட இருக்கிறது. கப்பல் அங்கே நின்றால், உத்திரமேரூர் முகவரி எழுதி ஒரு போஸ்ட் கார்டு போடலாம். நீங்கள் வீடு திரும்பி வெகுநாள் கழித்துத்தான் அது வந்து சேரும்!

சைவ சாப்பாடு கிடைக்குமா? முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்பாடு செய்வார்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கேபினோடு சரி. கரைக்கு எந்தத் தின்பண்டத்தையும் எடுத்துப்போகக் கூடாது. கரையில் கழிப்பறையும் இல்லை; படகு ஏறும் முன்பே கப்பலில் போய்வந்துவிட வேண்டும்.

எவ்வளவு செலவாகும்?

நேராகச் சொன்னால், ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு. தீபகற்பப் பயணத்துக்கு ஒருவருக்கான கப்பல் கட்டணம் பொதுவாக ஆறாயிரம், ஏழாயிரம் டாலரில் தொடங்குகிறது. அதாவது ஐந்து, ஆறு லட்சம் ரூபாய். அதுவும் ஜன்னல் சிறியதாக இருக்கும் அறையை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் விலை. பால்கனி வைத்த அறை என்றால் பதினைந்தாயிரம் டாலரையும் தாண்டும். விமானக் கட்டணம், விசா, ஹோட்டல், இன்ஷூரன்ஸ், கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் எல்லாம் தனி. தனியாகப் போகிறவர் முழு அறை கேட்டால், கட்டணம் ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்காகும்.

இந்தியாவில் வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கும்போது டி.சி.எஸ் வரியும் பிடிப்பார்கள். இதை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது சரிசெய்துகொள்ளலாம். ஆனாலும் அந்தத் தொகை அதுவரை நம் கையில் இருக்காது. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறியிருப்பதால், பணம் கட்டும் வருடத்தில் எவ்வளவு என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நிலத்தை விற்றோ, நகையை அடகு வைத்தோ போகும் பயணமல்ல இது. நான்கைந்து வருடம் சேர்த்து, அவசரத்துக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்த பிறகு யோசிக்க வேண்டிய ஒன்று.

ஆஸ்பத்திரி இல்லாத கண்டம்

கப்பலில் ஒரு டாக்டரும் சின்ன மருத்துவ அறையும் இருக்கும். மாரடைப்பு, எலும்பு முறிவு போன்ற பெரிய சிக்கல் வந்தால், கப்பலே திரும்ப வேண்டும் அல்லது விமானம் வர வேண்டும். விமானம் வருவது வானிலையின் கையில். அதற்கான செலவு பல லட்சங்களைத் தாண்டிவிடும். அவசரமாக வெளியேற்றும் செலவையும் சேர்த்துத் தரும் இன்ஷூரன்ஸ் இல்லாமல் பெரும்பாலான நிறுவனங்கள் கப்பலில் ஏற்றுவதே இல்லை. ஏற்கெனவே இருக்கும் நோய்களை மறைத்து பாலிசி எடுத்தால், தேவைப்படும் நேரத்தில் அது உதவாது.

ஆடும் படகில் ஏறி இறங்க முடியுமா, பனியில் ஒரு கிலோமீட்டர் நடக்க முடியுமா, படிகளில் பிடிமானத்தோடு ஏற முடியுமா... இவற்றை ஊரிலேயே சோதித்துக்கொள்ளலாம். தினமும் ஏரிக்கரையில் நடக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு முக்கால்வாசி தயாரிப்பு முடிந்த மாதிரிதான்.

ஆபத்தே இல்லையா? 2007 நவம்பர் 23 அன்று, 'எக்ஸ்ப்ளோரர்' என்ற பயணிகள் கப்பல் கிங் ஜார்ஜ் தீவு அருகே பனியில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் மணிக்கணக்கில் குளிரில் காத்திருந்து, அந்தப் பக்கம் வந்த நார்வே கப்பலால் மீட்கப்பட்டார்கள். அண்டார்டிகா சுற்றுலாவுக்காகவே 1969-ல் கட்டப்பட்டு, இந்த வகைப் பயணத்துக்கு முன்னோடியாக இருந்த கப்பல் அது. அதன் பிறகு விதிகள் இறுகின. 2011 ஆகஸ்ட் முதல் அண்டார்டிகா கடலில் அடர்ந்த கப்பல் எண்ணெய்க்குத் தடை வந்தது. 2017 ஜனவரி முதல், துருவக் கடல்களில் ஓடும் கப்பல்களுக்கென 'போலார் கோட்' என்ற சர்வதேச விதித்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது.

யாருக்கும் சொந்தமில்லாத மண்... ஆனால் சட்டம் உண்டு!

உத்திரமேரூர்க்காரர்களுக்கு ஊர் விதி என்பது புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் யார் தேர்தலுக்கு நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று அவை பட்டியலிடுகின்றன. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அடுத்த முறை இடமில்லை. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியமே இருந்தது.

அண்டார்டிகாவுக்கும் அப்படி ஓர் எழுத்து உண்டு. 1959 டிசம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிகா ஒப்பந்தம், அந்தக் கண்டம் அமைதிக்கும் அறிவியலுக்கும் மட்டுமே என்று சொல்கிறது. இந்தியா 1983-ல் அதில் சேர்ந்தது. 1991-ல் கையெழுத்தாகி 1998-ல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் உடன்படிக்கை, அங்கே சுரங்கம் தோண்டுவதைத் தடை செய்கிறது. இந்தியாவும் 2022-ல் தனியாக அண்டார்டிகா சட்டம் கொண்டுவந்துவிட்டது. அதன்படி, உரிய அனுமதி இல்லாமல் அங்கே போவது குற்றம். வெளிநாட்டுக் கப்பலில் போகிறவர்கள், அந்த நிறுவனம் ஒப்பந்த நாடு ஒன்றிடம் முறையான அனுமதி வாங்கியிருக்கிறதா என்பதை முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பயண நிறுவனங்களும் 1991-ல் 'இயாட்டோ' என்ற கூட்டமைப்பைத் தொடங்கி, தங்களுக்குள் கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டன. இந்தப் பயணத்தின் ஒவ்வொரு மணி நேரத்தையும் நிர்ணயிப்பவை அவைதான்:

- ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 200 பேர் கப்பலில் இருந்தால், பாதிப் பேர் கரையில். மீதிப் பேர் படகில் சுற்றிவிட்டு மாற்றிக்கொள்வார்கள்.
- 500 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பலின் பயணிகள் கரையில் இறங்கவே கூடாது. பெரிய கப்பலில் குறைந்த கட்டணம் என்று பதிவு செய்துவிட்டு, அண்டார்டிகா மண்ணை மிதிக்காமலே திரும்புகிறவர்கள் உண்டு.
- பென்குயினிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது நம்மை நோக்கி வந்தால், நாம்தான் பின்வாங்கி வழிவிட வேண்டும்.
- கரைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் பூட்ஸைக் கழுவ வேண்டும். பை, ஜாக்கெட்டின் ஒட்டுப்பட்டைகளில் ஒரு புல்விதைகூட இல்லாதபடி சுத்தம் செய்ய வேண்டும்.
- கல், இறகு, எலும்பு... எதையும் நினைவுப் பொருளாக எடுத்து வரக் கூடாது. பொழுதுபோக்குக்கு ட்ரோன் பறக்கவிடக் கூடாது.

பனியில் கால் புதைந்து குழி விழுந்தால், அதை மூடிவிட்டு நகரச் சொல்வார்கள். நமக்கு அது முழங்கால் அளவுப் பள்ளம். பென்குயினுக்கு ஏறி வர முடியாத கிணறு. 2024 பிப்ரவரியில் அண்டார்டிகா பெருநிலத்திலும் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அது பரவாமலிருக்க, பனியில் உட்காரவும் படுக்கவும்கூட அனுமதி இல்லை.

ஸ்வால்பார்டிலும் இதே கதைதான். 2025 ஜனவரி முதல் பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழையக் கூடாது.

நாம் போவதால் பனி உருகுமா?

இதுதான் சங்கடமான கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் ஒரு சீசனுக்குச் சில ஆயிரம் பேர் மட்டுமே அண்டார்டிகா போனார்கள். 2022-23 சீசனில் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2022-ல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு, கப்பல் புகையிலிருந்து வரும் கரித்துகள் பனியில் படிந்து, வெயிலை உறிஞ்சி, அதைச் சீக்கிரம் உருக்குகிறது என்று காட்டியது. 2016 முதல் 2020 வரை போன ஒவ்வொரு பயணியின் பங்குக்கும் சுமார் 83 டன் பனி கூடுதல் வேகத்தில் உருகியிருக்கலாம் என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு. சென்னையிலிருந்து போய்வரும் விமானப் புகை இந்தக் கணக்கில் சேரவில்லை.

'உருகிப் போவதற்குள் பார்த்துவிட வேண்டும்' என்று கிளம்புகிறவர்களே உருகுவதற்குக் காரணமாகிறார்கள். இதற்கு நிறுவனங்கள் சொல்லும் பதில், 'நேரில் பார்த்தவர்கள் அந்தப் பகுதியின் தூதுவர்களாக மாறுகிறார்கள்' என்பது. சிலர் மாறுகிறார்கள். எல்லோரும் மாறுவார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2024 மே மாதம் கொச்சியில் நடந்த அண்டார்டிகா ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில், சுற்றுலாவைக் கட்டுப்படுத்துவதற்கென்றே தனிப் பணிக்குழு உட்கார்ந்து பேசியது. வரும் ஆண்டுகளில் விதிகள் இன்னும் இறுகினால் ஆச்சர்யப்பட வேண்டாம்.

அந்தப் பனிக்கும் உத்திரமேரூர் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆர்க்டிக்கில் நடக்கும் மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை இந்திய விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்களிப்போடு, 2014 ஜூலையில் ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃபியோர்டன் கடலுக்குள் 'இண்ட்ஆர்க்' என்ற கண்காணிப்புக் கருவித்தொகுதி இறக்கப்பட்டது. பக்கத்திலேயே, 2008-ல் திறக்கப்பட்ட 'ஹிமாத்ரி' என்ற இந்திய ஆய்வு நிலையம் இருக்கிறது. மழையை நம்பி ஏரிப் பாசனம் செய்யும் ஊருக்கு, அந்தக் கடலின் உப்பும் வெப்பமும் வெறும் பொது அறிவுச் செய்தி அல்ல.

டிக்கெட் வாங்காமல் போக ஒரு வழி

பல லட்சம் இல்லாதவர்களுக்கு அண்டார்டிகா வெறும் கனவா? இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டே போகும் வழி ஒன்று இருக்கிறது.

1981 டிசம்பரில் டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து கிளம்பி, 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் இறங்கியது இந்தியாவின் முதல் பயணம். அன்று தொடங்கி ஆய்வுக் குழுக்கள் தொடர்ந்து போகின்றன. இப்போது அங்கே 'மைத்ரி', 'பாரதி' என்ற இரண்டு இந்திய நிலையங்கள் இயங்குகின்றன. அவற்றில் விஞ்ஞானிகள் மட்டும் இருந்தால் நிலையம் ஓடாது. டாக்டர், சமையல்காரர், எலெக்ட்ரீஷியன், வெல்டர், வண்டி மெக்கானிக், ஜெனரேட்டர் ஆபரேட்டர் எல்லோரும் வேண்டும். இதற்கான ஒப்பந்த வேலை அறிவிப்புகளை, கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. தேர்வானவர்களுக்கு டெல்லி எய்ம்ஸில் முழு உடல் பரிசோதனையும், உத்தராகண்டின் அவுலியில் பனிப் பயிற்சியும் நடக்கும். குளிர்காலக் குழுவில் இடம் கிடைத்தால் ஒரு வருடத்துக்கும் மேல் அங்கேயே இருக்க வேண்டும். சூரியனே உதிக்காத வாரங்கள் அதில் அடக்கம்.

ஐ.டி.ஐ படித்துவிட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் சில வருட அனுபவம் சேர்த்திருக்கும் இளைஞர்கள், இந்த அறிவிப்புகளை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

முன்பதிவுக்கு முன் ஆறு கேள்விகள்

1. நிறுவனம் இயாட்டோ உறுப்பினரா? அண்டார்டிகாவுக்குள் நுழைய எந்த நாட்டின் அனுமதியில் போகிறது?
2. கப்பலில் மொத்தம் எத்தனை பயணிகள்? கரையில் இறங்குவது உண்டா, கப்பலிலிருந்து பார்ப்பது மட்டும்தானா?
3. அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கு இன்ஷூரன்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும்?
4. கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?
5. தடித்த ஜாக்கெட், ரப்பர் பூட்ஸ் கப்பலில் தருவார்களா? தந்தால், அவற்றைச் சென்னையில் தேடி அலைய வேண்டாம்.
6. எந்த நாடுகளின் விசா தேவை? எத்தனை முறை நுழைய அனுமதி வேண்டும்?

இந்த ஆறுக்கும் எழுத்தில் பதில் தராத ஏஜென்ட்டிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

கரையில் நின்று பார்க்கத் தெரிந்தவர்கள்

18-ம் நூற்றாண்டின் கடைசியில், வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கே எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தீபாவளிக்குக்கூட வேட்டுச் சத்தம் எழுப்பாமல் இருப்பதை அந்த மக்கள் இன்றும் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். 2022-ல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பிடித்தன.

தள்ளி நில், சத்தம் போடாதே, எதையும் எடுக்காதே, விருந்தாளியாக நடந்துகொள். அண்டார்டிகா கப்பலில் முதல் நாள் கட்டாய வகுப்பில் சொல்லித்தரும் பாடமும் இதுதான். அதைப் பல லட்சம் கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

போக முடிகிறவர்கள் சின்னக் கப்பலாகப் பார்த்து, விதிகளைத் தெரிந்துகொண்டு போய்வரட்டும். திரும்பி வந்து, பார்த்ததைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் சொல்லட்டும். போக முடியாதவர்கள், வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல் கரைக்குப் போகலாம். ஒரு பைனாகுலர் இருந்தால் போதும். தண்ணீரில் வால் நீண்ட வாத்து ஒன்று தலையை உள்ளே விட்டு இரை தேடிக்கொண்டிருந்தால், 'அது எங்கேயிருந்து வந்திருக்கு தெரியுமா?' என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.